சத்தம் மட்டும் தெளிவாக

தங்கை மகள் ஆஷிகாவிடமிருந்து மன்சூருக்கு வந்த செய்தி மூன்றே வரிதான். "மாமா, உம்மா பேசுற வீடியோ ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு வாப்பா சொன்னாங்க. காலேஜ் லீவு விட்டாச்சு. நாளைக்கு வாரேன், பாக்கணும்."

படித்துவிட்டு அவர் போனை மனைவியிடம் நீட்டினார். அவருடைய தங்கை பர்சானா பிறவியிலேயே காது கேளாதவள். வாய்ப்பேச்சும் கிடையாது. கையால்தான் பேசுவாள். அவளைக் கட்டிய முகம்மது சலீமும் அப்படித்தான். இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். பிறந்த ஆஷிகாவுக்கும் காது கேட்கவில்லை. பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது பர்சானா ஏதோ விஷக்காய்ச்சல் கண்டு நாலே நாளில் மவுத்தாகிப் போனாள். ஆஷிகாவுக்கு இப்போது பதினெட்டு வயது. உம்மாவின் முகம் ஃபோட்டோவில் தெரியும். கை அசைந்து பார்த்த ஞாபகம் கிடையாது.

"அந்த அஞ்சருவிக்குப் போனோமே, அந்த வீடியோவாத்தான் இருக்கும்" என்றாள் மன்சூரின் மனைவி ஷரீபுன்னிசா. "லேப்டாப்புல கெடக்குல்லா? எடுத்து வையுங்க. புள்ள ஆசையா வருது."

எடுத்து வைத்தார். எத்தனையோ வருஷம் ஷார்ஜாவில் படுக்கையில் கிடந்தபடி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்ட வீடியோதான் அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். படத்தை அவர் நேராகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

அந்தப் படம் எடுத்தது இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து அருவிச் சீசனில். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்த மன்சூர், அந்த விடுப்புக்கு ஒரு ஹேண்டிகேம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கொடிமரம் பக்கத்தில் அவர்கள் தெருவுக்கே அது முதல் கேமரா. பெருநாள் தொழுகை முடிந்து ஜனங்கள் கலைவது, பக்கத்து வீட்டு நிக்காஹ், தெருவில் போகிற எருமை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். தீப்பெட்டி அளவுக் கேசட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஒன்பது கேசட் சேர்ந்தது.

ஒரு நாள் வேன் பிடித்துக் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனார்கள். பர்சானாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம், வயிற்றில் ஆஷிகா. சலீம் மட்டும் தையல் கடையை அடைக்க முடியாமல் வரவில்லை. நல்ல சாரல். உம்மா ஹைருன் பீவி ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்து ரம்புத்தான் பழத்தை உரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டு, விலையைப் பற்றி விடாமல் குறைபட்டுக்கொண்டிருந்தாள். மன்சூர் உம்மாவை எடுத்துக்கொண்டிருந்தபோது பர்சானா நடுவில் வந்து நின்றாள். கேமராவின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு இரண்டடி பின்னால் போய்ப் பேச ஆரம்பித்தாள்.

நான்கு நிமிடம் பேசினாள். மன்சூருக்குத் தெரிந்த கைப்பேச்சு வீட்டுக்கு வேண்டிய ஏழெட்டு வார்த்தைதான். சாப்பிடு, வா, தூங்கு, உம்மா கூப்பிடுது. அதற்கு மேல் அந்த வீட்டில் யாருமே கற்றுக்கொண்டதில்லை. அவள்தான் எல்லோருடைய உதட்டையும் பார்த்துப் படித்துக்கொண்டாள். அன்றைக்குக் கேமராவின் சின்னத் திரையில் அவள் அழகாக இருந்தாள். பின்னால் வெள்ளையாகத் தண்ணீர், பச்சைத் துப்பட்டா, ஓயாமல் சுழலும் கை. கண்ணாடியில் துளி விழுகிறதே, வெளிச்சம் போதுமா என்பதுதான் அவர் யோசனையாக இருந்தது. நிறுத்திவிட்டு அவரையே பார்த்தபோது, முடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டினார். கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே பெண்கள் குளிக்கிற பக்கம் ஓடிப்போனாள்.

நாலு வருஷத்தில் பர்சானா போனாள். அடுத்த இரண்டு வருஷத்தில் உம்மாவும் போனாள். உம்மாவின் மவுத்துக்கு மன்சூரால் வந்து சேர முடியவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்தார். திரும்பிப் போகும்போது உம்மாவின் குரலையாவது கொண்டுபோக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. யானைப்பாலம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த சுடலைமணியிடம் கேமராவையும் ஒன்பது கேசட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார். கேமராவில் கேபிளைச் சொருகி, கேசட்டை முழுக்க ஓடவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம்.

"பாய், உள்ளத உள்ளபடியே ஏத்துனா ஏவிஐ ஃபைலா வரும்" என்றார் சுடலைமணி. "ஒரு கேசட்டுக்குப் பதிமூணு ஜிபி புடிக்கும். ஒரு ஹார்ட் டிஸ்க்குல போட்டு வீட்டுல வச்சிருங்க. நாளைக்கு என்ன வேணும்னாலும் அதுலருந்து எடுத்துக்கிடலாம். டிவிடின்னா கொஞ்சம் கொறையும், டிவியில பாக்க நல்லாருக்கும். நீங்க கேக்குற மாரி போனுக்குன்னா ரொம்பச் சுருக்கணும்."

"எனக்குப் போன்லதான் வேணும் மணி. அங்கன ரூம்ல எட்டுப் பேரு கெடக்கோம். டிவி ரிமோட்டு எவன் கையிலயோ இருக்கும். படுத்துக்கிட்டுக் கேக்கணும், அவ்வளவுதான்."

சுடலைமணி அவருடைய பட்டன் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கார்டு சின்னதா இருக்கே. படத்தக் கொறைக்கவா, சத்தத்தக் கொறைக்கவா? ஒண்ணக் கொறைச்சாத்தான் இன்னொண்ணு நிக்கும்."

"படத்தக் கொறை. சத்தம் தெளிவா இருக்கணும்."

"செகண்டுக்கு இருபத்தஞ்சு படம் ஓடுதுல்லா, அது பத்துதான் இருக்கும். ஆளு தத்தித் தத்தி நடக்குற மாரி தெரியும் பாய். மூஞ்சி மழுங்கிப் போவும். யோசிச்சிக்கோங்க."

"உம்மா மூஞ்சி எனக்குத் தெரியாதா? கொரலுதான்டே வேணும்."

அந்த நிமிஷத்தில் பர்சானா நினைவுக்கு வரவில்லை என்று மன்சூரால் சொல்ல முடியாது. வந்தாள். அவளும்தான் அந்தக் கேசட்டில் இருக்கிறாள் என்று நினைத்தார். ஆனால் அவளுக்குக் குரல் இல்லையே, இதில் அவளுடையது குறைவதற்கு என்ன இருக்கிறது என்றும் நினைத்தார். கிளம்பும்போது, "கேமராவும் கேசட்டும் உங்கிட்டயே இருக்கட்டும் மணி. ஏதும் விசேஷ வீட்டுக்கு எடுக்க ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆஷிகா மறுநாள் பதினொரு மணிக்கு வந்தாள். சாரலில் நனைந்த பையை வாசலில் உதறி வைத்துவிட்டு, ஷரீபுன்னிசா கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, லேப்டாப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அப்படியே பர்சானாவின் நெற்றி, பர்சானாவின் கை. நீளமான, ஓய்வில்லாத விரல்கள். மன்சூர் அந்த விரல்களை அதற்கு முன் கவனித்ததில்லை.

படம் ஓடியது. அருவி இரைந்தது. "ஏலே மன்சூரு, அந்தக் கேமராவ வச்சிட்டு வந்து ஒண்ணத் தின்னு. கொள்ள வெல குடுத்து வாங்கிருக்கேன்" என்று உம்மாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. ஷரீபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆஷிகா மாமி ஏன் அழுகிறாள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் திரைக்குள் குனிந்தாள். திரையின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது படம். அதைப் பெரிதாக்கினாள். எல்லாம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. பர்சானா வந்து நின்றாள். கையைத் தூக்கினாள்.

விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்பு நிறக் கலங்கல்தான் இருந்தது. கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவியது. நடுவில் எப்படிப் போனது என்பது இல்லை. ஆஷிகா நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், மெதுவாக ஓடவிட்டாள். பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். பிறகு போனை எடுத்து வேகமாகத் தட்டி நீட்டினாள்.

"உம்மா வேகமா பேசுறாங்க. பெரிய அசைவு மட்டும்தான் தெரியுது. குழந்தைன்னு சொல்றாங்க. போ, வான்னு வருது. ஒரு இடத்துல ரெண்டு கையும் சேருது. அது வீடா இருக்கலாம், பள்ளிக்கூடமா இருக்கலாம், அல்லாகிட்ட கேக்குற துஆவா இருக்கலாம். விரல் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். ஒரிஜினல் எங்க மாமா?"

மன்சூர் பதில் எழுதத் தன் போனை எடுத்தார். அதற்குள் அவள் திரையில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினாள். பர்சானாவின் கை இடது புருவத்துக்குப் போய் இரண்டு விரலால் அதைத் தடவிவிட்டு இறங்கியது.

"காத்துல முடி கண்ணுல விழுது. ஒதுக்குதா" என்று அவர் எழுதினார்.

ஆஷிகா மறுப்பாகத் தலையை அசைத்துவிட்டு எழுதினாள். "இல்ல. அது நீங்க."

அவருடைய இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. பத்து வயதில் கிணற்றுப் படியில் விழுந்தது. ஆஷிகா எழுதிக்கொண்டே போனாள். "பேரை எழுத்தெழுத்தா சொல்ல மாட்டோம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் வைப்போம். உங்களுக்கு உம்மா வச்சது இது. வாப்பாவும் நானும் உங்களப் பத்திப் பேசினா இதைத்தான் செய்வோம். இந்த நாலு நிமிஷத்துல உம்மா ஏழு தடவ உங்களக் கூப்பிடுறாங்க."

சின்னப் பிள்ளையிலிருந்து பர்சானா அதைச் செய்துகொண்டுதான் இருந்தாள். சட்டையைப் பிடித்து இழுப்பாள், புருவத்தைத் தடவிக் காட்டுவாள். தழும்பைக் கேலி பண்ணுகிறாள் என்றுதான் மன்சூர் நினைத்திருந்தார். ஒரு தடவை கூட்டாளிகளுக்கு முன்னால் அப்படிச் செய்தாள் என்று கன்னத்தில் அறைந்தும் விட்டார். அவள் அழுதுகொண்டே மறுபடியும் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். இன்னொரு அறையும் விழுந்தது.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு, ஆஷிகாவைக் கூட்டிக்கொண்டு சுடலைமணியிடம் போனார். ஸ்டுடியோ இப்போது மாடியும் கீழுமாகப் பெருகி, கண்ணாடிக் கதவுக்குள் ட்ரோன் எல்லாம் அடுக்கி இருந்தது.

"கேசட்டா?" சுடலைமணி கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "நீங்கதான பாய் வச்சிக்கிடச் சொன்னிய? அடுத்த சீசனுக்குள்ள ஒம்பதும் தீந்துட்டு. காதுகுத்து, சடங்கு வீடுன்னு பழசுக்கு மேலயே எடுத்தாச்சு."

"கம்ப்யூட்டர்ல ஏத்துனியே, அந்தப் பெரிய ஃபைலு?"

"அத ஒரு வருசம் அழிக்காமதான் வச்சிருந்தேன். ஏதோ ஒரு நெனப்பு, கேப்பியன்னு. எடம் பத்தாம உங்களுக்குப் போன் போட்டேன். ஞாபகம் இருக்கா பாய்? அழிச்சிரு மணி, எங்கிட்டதான் இருக்கேன்னிய."

மன்சூருக்கு ஞாபகம் இருந்தது. ஷார்ஜாவில் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது வந்த போன். ஒரு நிமிஷம்கூடப் பேசியிருக்கமாட்டார். எண்ணிக்கை விட்டுப் போய்விடும் என்கிற அவசரத்தில் சொன்ன வார்த்தை.

ஆஷிகா இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ சுடலைமணி எழுந்தார்.

"ஒண்ணு செய்வமா? இப்பம் ஏஐ இருக்குல்லா. மங்கலா உள்ளத அதுவே தெளிவாக்கித் தந்திரும். ஒரு இருவது செகண்டு போட்டுப் பாப்போம்."

அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் பெரிய மானிட்டரில் பர்சானா வந்து நின்றாள். மன்சூர் திரைக்குக் கிட்டே போனார். முகத்தில் தண்ணீர்த் துளி மின்னியது. துப்பட்டாவின் நூல் வேலை தெரிந்தது. இரண்டு கையிலும் ஐந்தைந்து விரல், விரலுக்கு நகம், எல்லாம் வெட்டி வைத்த மாதிரித் தெளிவாக இருந்தன. "அல்லாவே" என்று அவர் வாய்விட்டுச் சொன்னார்.

ஆஷிகா இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை பார்க்கவில்லை. போனில் எழுதி மாமாவிடம் கொடுத்தாள்.

"இந்த விரல் எதுவும் பேசல. சும்மா அசையுது. ஒரு இடத்துல மட்டும் ஞாயித்துக்கிழமைன்னு வருது. பழசுல அந்த இடத்துல கை அப்படிப் போகவே இல்ல. மெசினே வரைஞ்சிருக்கு. இது எங்க உம்மா கை இல்ல மாமா. வேண்டாம்."

மன்சூர் அதைச் சத்தமாகப் படித்தார். சுடலைமணி மானிட்டரை அணைத்தார். "அது ஊகிச்சி வரையுறதுதான் பாய். இல்லாதத எங்கருந்து கொண்டாரும்?" என்றார். பழைய ஃபைலை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டு ஆஷிகாவிடம் கொடுத்தார். எந்த ஃபார்மட்டுக்கும் மாற்ற வேண்டாம், இருக்கிறபடியே கொடுங்கள் என்று அவள்தான் எழுதிக் காட்டிக் கேட்டாள்.

ஆஷிகாவின் ஊரான அச்சன்புதூருக்குப் போகிற பஸ்ஸுக்காகப் புது பஸ் ஸ்டாண்டில் நின்றபோது சுரண்டையில் துணி எடுத்துக்கொண்டு சலீமும் வந்து சேர்ந்தார். தாடி முக்கால்வாசி நரைத்திருந்தது. ஆஷிகா அவரிடம் நடந்ததையெல்லாம் கையால் சொன்னாள். இடையிடையே அவள் கை புருவத்துக்குப் போய் வந்தது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று மன்சூருக்குத் தெரிந்தது. என்ன சொல்லுகிறாளோ.

மூன்று பேரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மன்சூர் தன் போனில் எழுதிச் சலீமிடம் நீட்டினார். "மச்சான், கேசட்ட நான்தான் விட்டுட்டேன். யாரு மேலயும் தப்பு இல்ல. பாக்கி இருந்ததையும் நான்தான் அழிக்கச் சொன்னேன்."

சலீம் படித்தார். கோபப்படுவார் என்று மன்சூர் எதிர்பார்த்தார். சலீம் மகளைப் பார்த்து நிதானமாகக் கையை அசைத்தார். ஆஷிகா எழுதினாள். எழுத எழுத அவள் வேகம் குறைந்தது.

"வாப்பா சொல்றாங்க. அருவிக்குப் போன அன்னைக்குச் சாயங்காலம் உம்மா ரொம்ப சந்தோஷமா வீட்டுக்கு வந்தாங்களாம். அண்ணன் இன்னைக்குத்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் முகத்தைத் திருப்பாம பாத்துக்கிட்டே இருந்துச்சுன்னாங்களாம். ஒண்ணு கேட்டேன், சரின்னு தலையாட்டிருச்சுன்னாங்களாம்."

மன்சூர் அவளிடமிருந்து போனை வாங்கினார். தட்டினார். "என்ன கேட்டாளாம்?"

சலீம் கையை விரித்தார். ஆஷிகா எழுதினாள். "அண்ணன் செஞ்ச பிறகு சொல்றேன்னு சொன்னாங்களாம். கடைசி வரைக்கும் சொல்லல."

இரண்டாயிரத்து எட்டில் விடுப்புக்கு வந்தபோது பர்சானா கைப்பிள்ளையோடு வந்து அவர் முன்னால் நின்றதும், புருவத்தைத் தொட்டுவிட்டுக் கேள்வியாக முகத்தை வைத்துக்கொண்டதும் மன்சூருக்கு நினைவு வந்தது. செண்டு கேட்கிறாள் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். அப்புறமும் நின்றாள். பர்சானா மவுத்தான பிறகு ஆஷிகா மன்சூரின் வீட்டில், உம்மாவிடமும் ஷரீபுன்னிசாவிடமும்தான் வளர்ந்தாள். எப்படியாவது கேட்க வைத்துவிடலாம் என்று ஷார்ஜாவிலிருந்து அவர்தான் அடம்பிடித்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்டார். கையால் பேசினால் வாய் வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பக்கத்துச் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் போட்டதும் அவர்தான். ஏழு வயது வரைக்கும் பிள்ளை ஊமையாகவே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சலீம் ஒரு நாள் வந்து, யாரிடமும் கேட்காமல், பாளையங்கோட்டையில் தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பர்சானா கேட்டது அதைப் பற்றித்தானோ? குழந்தை என்று சொல்கிறாள், இரண்டு கை சேருகிறது. வீடா, பள்ளிக்கூடமா, துஆவா? வேறு ஏதோ சின்னக் காரியமாகவும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் சரியென்று தலையாட்டியிருக்கிறார். நாலு வருஷம் அவள் காத்திருந்திருக்கிறாள்.

டீ ஆறிப்போயிருந்தது. சலீம் அவருடைய தோளில் கை வைக்கவில்லை. ஆறுதலாக எதையும் காட்டவுமில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மன்சூர் ஆஷிகாவிடம் எழுதிக் கேட்டார். "எனக்குப் புரியலன்னு எப்படிச் சொல்லணும்?"

அவள் போனை மடியில் வைத்தாள். பிறகு கையை நெற்றிப் பக்கம் கொண்டுபோய்ச் செய்து காட்டினாள். அவர் செய்து பார்த்தார். அவள் இல்லையென்று தலையை அசைத்து மறுபடியும் காட்டினாள். அவர் சலீமின் பக்கம் திரும்பி, முழங்கையில் லேசாகத் தொட்டுக் கூப்பிட்டார். சலீம் திரும்பியதும் இரண்டு விரலால் தன் புருவத்தைத் தடவிக் காட்டினார். அப்புறம் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். நான். எனக்குப் புரியல.

சலீம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, மன்சூரின் கட்டைவிரல் தவறாக மடங்கியிருந்ததைப் பிரித்து, சரியான இடத்தில் வைத்தார்.

பஸ் வந்தது. ஆஷிகா பென் டிரைவைப் பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். இரண்டு பேரும் ஏறினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வாப்பாவும் மகளும் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்கள். கைகள் வேகமாகப் போய் வந்துகொண்டிருந்தன. மன்சூர் பஸ் திரும்புகிற வரைக்கும் நின்று அதைப் பார்த்தார். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.